எல்லா மேசைகளுக்கும், ஒன்றைத் தவிர

அனைத்து மாடிகளிலும் பணியாற்றும் மதிப்பிற்குரிய அனைவரின் மேலான கவனத்திற்கு. இது பொது நிர்வாகப் பிரிவு வெளியிடும் மிக முக்கியமான அறிவிப்பு. மூன்றாம் மாடிச் சாப்பாட்டறையில், பெட்டிகளைச் சூடாக்கும் ஆவி அலமாரியின் இரண்டாவது தட்டில், நீல மூடி போட்ட சாப்பாட்டுப் பெட்டி ஒன்று நேற்றிலிருந்து கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதிலிருந்து எழும் வாசனை மீனுடையதாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. உரியவர் உடனே வந்து பெற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார். அறிவிப்பு முடிந்தது. உங்கள் உழைப்புக்கு நன்றி.

இதில் ஏதாவது குற்றம் இருக்கிறதா, அதிகாரி அவர்களே, நீங்களே சொல்லுங்கள். வணக்கம் இருக்கிறது, விஷயம் இருக்கிறது, நன்றி இருக்கிறது. ஊசிப்போன மீனுக்கு இதைவிட மரியாதை யாரும் செய்திருக்க முடியாது. எங்கள் கம்பெனியில் மேசைக்கு ஒரு போன். கீழ்த்தளத்தில் என் அறையில் உட்கார்ந்து நான் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆறு மாடிகளிலும் எல்லா போன்களின் ஒலிபெருக்கியும் தானாகத் திறந்துகொள்ளும். யாரும் எடுக்க வேண்டியதில்லை. எடுக்காமல் இருக்கவும் முடியாது. அந்த இரண்டாவது வசதியின் அருமை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

மதியம் வாங்கித் தந்த சாப்பாட்டுக்கு நன்றி. கோழிக்கால் நன்றாகவே இருந்தது. முட்டைதான் கொஞ்சம் கூடுதலாக ஊறிவிட்டது. ஷென் ஷூ-ஹுவெய் எப்படிச் செத்தாள் என்று கேட்கிறீர்கள். மறைப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் எழுத வசதி. பாதி வாழ்க்கையை அறிவிப்பு எழுதியே கழித்தவன் நான். எது முதலில் வர வேண்டும், எது கடைசியில் வர வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் ஃப்ரிட்ஜ் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிறவர்கள். தைவானை விடுங்கள், இந்தத் தைச்சுங் நகரத்திலேயே எங்களைத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதலாளி மட்டும் ஒவ்வொரு வருட விருந்திலும் எழுந்து நின்று, உலகத்தின் குளிர்ச்சி நம் கையில் இருக்கிறது என்று பேசுவார். நான் பொது நிர்வாகப் பிரிவின் தலைவன். பிரிவு என்றால் நான்தான். விளக்கு எரியவில்லையா, லியாவைக் கூப்பிடு. கழிப்பறை அடைத்துக்கொண்டதா, லியாவைக் கூப்பிடு. எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில் லியாவ் என்று ஒருவன் இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது. நான் நன்றாக வேலை செய்யச் செய்ய மறைந்துகொண்டே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேசை போன்கள் வந்த வருடத்து விருந்தில் முதலாளி என் தோளில் கைபோட்டு, “லியாவ், உன் குரல் ரேடியோல வர வேண்டிய குரல்யா. இங்க வந்து ரப்பர்ல மாட்டிக்கிட்டே,” என்றார். அவர் அப்போது சோளச் சாராயத்தில் நன்றாக நனைந்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே இரவில் பரிமாறுகிறவரிடமும் ஏதோ அதுபோலத்தான் சொன்னார். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். மறுநாளிலிருந்து அறிவிப்புகள் என் பொறுப்பு. வீட்டில் நான் வாயைத் திறந்தால் என் மனைவி டிவியின் சத்தத்தைக் கூட்டுவாள். அலுவலகத்தில் கூட்டுவதும் குறைப்பதும் என் கையில் இருந்தது.

ஷூ-ஹுவெய் ஐந்தாம் மாடியில் ஏற்றுமதிப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். சின்னவர்கள் எல்லோரும் ஹுவெய் அக்கா, ஹுவெய் அக்கா என்று அவள் பின்னால் சுற்றுவார்கள். கடைக்குப் போனால் எல்லோருக்கும் சேர்த்துப் பால் தேநீர் வாங்கி வருவாள், யாருக்குச் சர்க்கரை பாதி, யாருக்கு ஐஸ் வேண்டாம் என்பதெல்லாம் கேட்காமலே தெரியும். எனக்கும் வாங்கி வருவாள். அதை நான் மறுக்கவில்லை. அவளுடைய நல்ல குணங்களைப் பட்டியல் போட இங்கே வேறு ஆட்கள் வருவார்கள்.

அவள் என்னைப் போலவே பேசிக் காட்டுவாள் என்று முதலில் யாரோ சொன்னபோது நான் நம்பவில்லை. ஒருநாள் வெந்நீர் பிடிக்கப் போனேன். சாப்பாட்டறையில் அவள் வாழைப்பழம் ஒன்றை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அனைத்து மாடிகளிலும் உள்ள மேன்மை தங்கிய வாழைப்பழங்களின் கனிவான கவனத்திற்கு. உங்கள் தோல் கறுத்து வருவதாகக் கருதப்படுகிறது. உரியவர் உடனே வந்து உரித்துக்கொள்ளுமாறு...”

பெய்-யூ என்ற சின்னப் பெண் அவளுடைய பிரிவுதான். அவள் கண்ணால் ஜாடை காட்டினாள். “அக்கா, பின்னாடி.”

“யாரு? அட, லியாவ் அண்ணே. வாங்க, வாங்க. பழம் சாப்பிடுறீங்களா?”

“அறிவிப்புங்கிறது ஒரு பொறுப்பு, ஷென்.”

“யாரு இல்லேன்னு சொன்னா, அண்ணே. ஆனா ‘தண்ணி சுடுது, பாத்துப் பிடிங்க’ன்னு சொல்ல வேண்டியதை எங்க தாத்தா சாவுல இரங்கல் வாசிச்ச மாதிரி வாசிக்கிறீங்களே. நீங்க முடிக்கிறதுக்குள்ள தண்ணி ஆறிப்போகுது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெந்நீரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் கோபக்காரன் இல்லை என்பதை உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

தொல்லை ஆரம்பித்தது பகல் தூக்கத்தில்தான். உங்கள் ஸ்டேஷனில் எப்படியோ, எங்கள் அலுவலகத்தில் சாப்பிட்டு முடித்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்து நின்றாலும் வாசலில்தான் நிற்க வேண்டும். மேசையில் தலையணை வைத்துக் கவிழ்ந்து படுப்பவர்கள், கண்பட்டை கட்டிக்கொண்டு நாற்காலியைச் சாய்ப்பவர்கள், மேசைக்கடியிலிருந்து மடக்குக் கட்டிலை இழுத்துப் போடுபவர்கள் என்று எல்லா ரகமும் உண்டு. பாதிப் பேர் தூங்குவதில்லை, போர்வைக்குள் கைப்பேசியில் நாடகம் பார்ப்பார்கள். ஆனால் இருட்டில் தூங்குகிறவனும் தூங்காதவனும் ஒரே மாதிரிதான் கிடப்பார்கள்.

போன வசந்தத்தில் ஒருநாள் முதலாளியின் காரில் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாட்டரி இறங்கிவிடும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பொத்தானை அழுத்தி முறையாக அறிவித்தேன். இருட்டில் கிடந்த நூறு மேசைகளிலிருந்தும் என் குரல் ஒரே நேரத்தில் எழுந்தது. கணக்குப் பிரிவில் ஒருவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஒரே பக்கம் பார்த்தபடி வேலை செய்தார். ஷூ-ஹுவெய் கட்டிலிலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாள். கண்பட்டை நெற்றியில் ஏறியிருக்க, அதே கோலத்தில் என் அறைக்கு இறங்கி வந்தாள்.

“அண்ணே, யாரு செத்தா?”

“யாரும் சாகலை. முதலாளி கார்ல விளக்கு எரியுது.”

“அதுக்கு ஊரையே எழுப்புவீங்களா? முதலாளியை மட்டும் எழுப்பினா போதாதா?”

“முதலாளி தூங்கிட்டு இருக்கார். அவரை எப்படி எழுப்புறது?”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள், வாயில் ரத்தத்தோடு. நான் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

விஷயம் முதலாளியம்மா வரை போனது. போன் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். தூங்கும் நேரத்தில் சாதாரண அறிவிப்பு போகாது. வேண்டாம் என்று சொல்கிறவர்களின் போனை மற்ற நேரத்திலும் சாதாரண அறிவிப்பிலிருந்து விலக்கிவிடலாம். அவசர அறிவிப்புக்குத் தனியாக ஒரு சிவப்புப் பொத்தான், அது எந்த நேரத்திலும் எல்லோருக்கும் போகும். ஷூ-ஹுவெய்க்குக் கூடுதலாக ஒரு சலுகையும் கிடைத்தது. ஐந்தாம் மாடியில் பின்படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. பல் உடைந்ததற்குப் பரிகாரமாக அதை அவளுக்கே கொடுத்தார்கள். கனமான கதவு. சாத்திவிட்டால் கூடத்தில் யார் கத்தினாலும் உள்ளே கேட்காது.

தன் போனை விலக்கிக்கொள்ள முதல் ஆளாக வந்து நின்றவளும் அவள்தான். பெய்-யூவையும் கூட்டி வந்திருந்தாள்.

“சாதாரண அறிவிப்பு மட்டும் வேண்டாமா?” என்று கேட்டேன்.

“எல்லாமே வேண்டாம், அண்ணே. இந்தக் கட்டடமே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் உங்க வாயால நான் கேக்க வேண்டாம். நிம்மதியா வெந்து போறேன்.”

பெய்-யூ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளையே கூப்பிட்டுக் கேளுங்கள், மறுக்கமாட்டாள். சாட்சி வைத்துக்கொண்டு ஒருத்தி கேட்கிறாள். நான் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர்கள் போனதும் அவளுடைய போனைச் சாதாரண அறிவிப்பிலிருந்து எடுத்தேன். பிறகு அவசர அறிவிப்பிலிருந்தும் எடுத்தேன். இரண்டுக்கும் ஒரே வேலைதான். ஒரு வாடிக்கையாளரின் விருப்பத்தை நிறைவேற்றிய திருப்தி இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை.

அவளுக்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு, அன்னாசிக் கேக்கெல்லாம் கொடுத்து, “தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே” என்று சொல்லி விலகிப் போனார்கள். கோடை வருவதற்குள் என் குரல் கேட்கிற மேசைகள் கை விரலுக்குள் அடங்கிவிட்டன. அவற்றில் இரண்டு ஆளில்லாத மேசைகள். முதலாளியின் மேசையிலாவது கேட்கிறதே என்று இருந்தேன். அவர் அந்த போனின் மேல் கோட்டை மாட்டி வைப்பார் என்று பிறகு தெரிந்தது.

ஜூலையில் முதலாளியின் மகன் என்னைக் கூப்பிட்டான். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன், பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை.

“லியாவ் சித்தப்பா, மேசை போனையெல்லாம் ஏழாம் மாசப் படையல் முடிஞ்சதும் கழட்டிடலாம்னு இருக்கேன். கைப்பேசியில ஒரு குழு போதும். ஹுவெய் அக்கா ஏற்கெனவே ஆரம்பிச்சுட்டாங்க, எல்லாரும் அதுலதான் இருக்காங்க. நீங்களும் சேர்ந்துக்குங்க.”

“அந்தக் கரடி பொம்மைப் படம் அனுப்புற குழுவா?”

“பொம்மையும் அனுப்பலாம் சித்தப்பா, விஷயமும் அனுப்பலாம். உங்களுக்கும் வேலை கம்மி. வூரியில நம்ம கிடங்கு இருக்கு பாருங்க, அங்க மாறிக்கலாம், காத்தோட்டமா இருக்கும்.”

“அவசரம்னு ஒண்ணு வந்தா?”

அவன் ஒரு கணம் யோசித்தான். யோசித்துவிட்டுத்தான் கேட்டான். “இத்தனை வருஷத்துல அவசரம்னு ஏதாவது வந்திருக்கா சித்தப்பா?”

நியாயமான கேள்வி. எனக்கு அதில் வருத்தமே இல்லை. வெளியே வந்து மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிவப்புப் பொத்தானை நான் ஒருமுறைகூட அழுத்தியதில்லை. யோசித்துப் பார்த்தால் குறை அந்தப் பையனிடத்திலும் இல்லை, என்னிடத்திலும் இல்லை. அவசரம் ஒன்று வரவில்லை, அவ்வளவுதான். கழிப்பறைக் குழாயைப் போல, விளக்கைப் போல, இதையும் நான்தான் பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது.

பின்படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்துக்கு முன்பக்கம் அகலமான படி, பின்பக்கம் ஒடுக்கமான படி. பின்படியில் நாலாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் ஏற்றுமதிப் பிரிவு தன் மாதிரிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தது. திரும்பி வந்த ரப்பர் பட்டைகள். அங்கே வைக்கக் கூடாது, ஆபத்து என்று நான் எத்தனையோ தடவை அறிவித்திருக்கிறேன். என் அறிவிப்பு போகாத மேசைகள் அந்தப் பெட்டிகளுக்குரிய மேசைகள்தான் என்பதைக் கவனியுங்கள். ஆக, நான் தேர்ந்தெடுத்த இடத்தில் பழிவாங்கல் எதுவும் இல்லை. ஆபத்து என்று முன்பே அறிவிக்கப்பட்ட இடம் அது. ஆபத்து அங்கேதான் வர வேண்டும்.

பழைய பஞ்சாங்கத்தின் ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்கு வைக்கும் படையல் எங்கள் கம்பெனியில் பெரிய காரியம். நேரம் குறித்துக் கொடுப்பவர் இந்த வருடம் முற்பகல் என்று குறித்தார். வாசலில் நீளமாக மேசை போட்டு பழம், பிஸ்கெட், நூடுல்ஸ் பொட்டலங்கள், பாட்டில் பாட்டிலாகக் குடிநீர், எல்லாவற்றிலும் ஊதுபத்தி குத்தி வைத்தோம். அலையும் ஆவிகளுக்கு எங்கள் கம்பெனி வருடந்தோறும் அளிக்கும் விருந்து எங்களுக்கு அளிக்கும் விருந்தைவிடச் சிறப்பாகவே இருக்கும். முதலாளி ஆவிகளை வரவேற்று உரையாற்றினார். அவை பொறுமையாகக் கேட்டன. பிறகு இரும்புத் தொட்டிகளில் ஆவிகளின் செலவுக்கான காகிதப் பணத்தைப் போட்டு எரித்தோம். அந்தப் புகைக்கு உள்ளே தீ மணி அடித்துவிடும் என்பதால் படையல் நாளில் மணியை அணைத்துவைப்பது வழக்கம். அணைப்பதும் நான், எரித்து முடிந்ததும் திரும்பப் போடுவதும் நான். இந்த வருடம் அணைத்ததோடு சரி.

எல்லோரும் சாப்பிட்டார்கள். விளக்கை அணைத்துப் படுத்தார்கள். நான் எரிக்காமல் மிச்சம் வைத்திருந்த காகிதக் கட்டு ஒன்றைப் பின்படிக்கு எடுத்துப் போனேன். கீழ்ப்பெட்டிக்கு அடியில் செருகிப் பற்ற வைத்தேன். கொஞ்சம் புகைந்தால் போதும் என்பதுதான் என் எண்ணம். ஜனங்கள் எழுந்து, இறங்கி, வெயிலில் நின்று, லியாவ் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அளவுக்கான புகை. ரப்பர் அவ்வளவு வேகமாகப் பிடிக்கும், அவ்வளவு கறுப்பாகப் புகையும் என்று எனக்குத் தெரியாது. ரப்பர் கம்பெனியில் இத்தனை வருடம் இருந்தவனுக்குத் தெரியாதா என்று உங்கள் உதவியாளர் காலையில் கேட்டார். நான் நிர்வாகப் பிரிவு. உற்பத்தி வேறு பிரிவு.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன், உடனே பொத்தானை அழுத்தவில்லை. புகையில்லாமல் அவசரம் என்று சொன்னால் வதந்தி பரப்பியவன் ஆவேன். கொஞ்சம் பொறுத்தேன். அந்த இடைவேளையில், முந்தைய வாரமே எழுதி வைத்திருந்த அறிவிப்பை இன்னொருமுறை படித்துப் பார்த்தேன். ‘தீ’ என்ற சொல் ஆரம்பத்திலேயே வந்தால் பதற்றம் உண்டாகும் என்று தோன்றியது. அதைக் கீழே தள்ளினேன். முதலாளியின் பெயரையும் முதலாளியம்மாவின் பெயரையும் சேர்க்காமல் விட்டிருந்தேன், அதையும் சேர்த்தேன். பிறகு ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

“அனைத்து மாடிகளிலும் ஓய்வெடுக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைவரின் துணைவியார் அவர்களே, சக ஊழியர்களே. உங்கள் ஓய்வுக்கு இடையூறு செய்ய நேர்ந்ததற்கு முதலில் வருந்துகிறேன். இது பொது நிர்வாகப் பிரிவு வெளியிடும் அவசர அறிவிப்பு. நமது கட்டடத்தின் பின்பகுதியில் தீ ஏற்பட்டிருப்பதாகக் கருதப்படுகிறது. எவரும் பதற வேண்டாம். அனைவரும் முன்படி வழியாக, மூத்தவர்களுக்கு வழிவிட்டு, வரிசையாக இறங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். எக்காரணம் கொண்டும் பின்படியைப் பயன்படுத்த வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், பின்படியைப் பயன்படுத்த வேண்டாம்.”

என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் வாசித்ததில்லை. குரல் நடுங்கவில்லை. எல்லாப் போன்களிலும் ஒரே நேரத்தில், கோட்டுக்கடியில் இருக்கும் போனிலும், விலகிப் போனவர்கள் போனிலும், என் குரல் திறந்து ஒலிப்பதை உட்கார்ந்த இடத்திலேயே உணர்ந்தேன். இரண்டு முறை முழுதாக வாசித்துவிட்டு, நன்றி சொல்லி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். படையல் மேசைகளுக்கு நடுவே, கண்பட்டையோடும் கழுத்துத் தலையணையோடும், ஒரு காலில் செருப்போடும். முதலாளியம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “லியாவ், நீங்க இன்னும் உள்ள இருந்தீங்களா. கடைசி வரைக்கும் இருந்தீங்களா,” என்றார். அவர் கண்ணில் தண்ணீர். முதலாளி ஒரு நாற்காலியில் ஏறி நின்றார். கம்பெனியின் முதுகெலும்பு என்று யாரைச் சொல்வது என்று ஆரம்பித்தார். தீயணைப்பு வண்டியின் சத்தம் தூரத்தில் கேட்டது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவர் கொஞ்சம் வேகமாகவே பேசினார்.

அப்போது பெய்-யூ என் சட்டைக்கையை இழுத்தாள்.

“லியாவ் அண்ணே, ஹுவெய் அக்காவைக் காணோம்.”

அந்த நேரத்தில் அவளுடைய போனை நான் எடுத்துவிட்டது எனக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது.

“தபாலாபீஸ் போயிருப்பா,” என்றேன்.

“தூங்குற நேரத்துலயா? சொல்லாம போக மாட்டாங்களே.”

“முதலாளி பேசிட்டு இருக்கார், பெய்-யூ.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். எங்கள் கம்பெனியில் பிள்ளைகளை நன்றாகத்தான் பழக்கி வைத்திருக்கிறோம். முதலாளி என் பெயரைச் சொல்லும் கட்டத்துக்கு வந்துகொண்டிருந்தார். ஒரு மனிதன் அதற்காக எவ்வளவு காலம் காத்திருக்கிறான் என்பதை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் புரிந்துகொள்ள முடியாது. பேச்சு முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கைதட்டல் நின்றதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு தீயணைப்புக்காரர்கள் வந்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று என்னைத்தான் கேட்டார்கள், பொறுப்பானவன் நான் என்று எல்லோரும் காட்டியதால். எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள் என்று நான் முன்பே முதலாளியிடம் சொல்லியிருந்தேன். அறிவித்ததை மாற்றி அறிவிப்பது எனக்குப் பழக்கமில்லை.

நாலாம் மாடிக்குக் கொஞ்சம் கீழே, பின்படியில் கிடந்தாள். அறைக் கதவைத் திறந்து, பக்கத்தில் இருந்த படியில் இறங்கியிருக்கிறாள். அங்கே இறங்காதே என்று கட்டடத்தின் எல்லா மேசைகளும் சொல்லிக்கொண்டிருந்தபோது அவளுடைய மேசை மட்டும் பேசாமல் இருந்தது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தீ வைத்தது நான். மணியை அணைத்தது நான். அவளுடைய போனை எடுத்ததும், தபாலாபீஸ் என்று சொன்னதும் நான். நான்கையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருத்தி போனாள். மற்ற அத்தனை பேரையும் என் அறிவிப்பு எழுப்பி, இறக்கி, காப்பாற்றியது. இதை முதலாளி நாற்காலியில் ஏறி நின்று சொன்னார்.

நீங்கள் காலையில் எங்கள் ஊழியர் ஒருவரின் கைப்பேசியை என் முன்னால் வைத்தீர்கள். அதையும் நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். நான் சேராத அந்தக் குழுவில், நான் ‘தீ’ என்ற சொல்லைக் கீழே தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், ஷூ-ஹுவெய் எழுதியிருக்கிறாள்: “ஜன்னல்ல புகை தெரியுது. கீழ எங்கயோ பத்திக்கிச்சு. எல்லாரும் எழுந்து இறங்குங்க, பக்கத்துல தூங்குறவங்களை உதைச்சு எழுப்புங்க. விளையாட்டில்ல. லியாவ் அண்ணே அறிவிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க.” கரடி பொம்மை எதுவும் இல்லை. போர்வைக்குள் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்து மற்றவர்களை உதைத்து எழுப்பி, முதலாளியைக் கைத்தாங்கலாக இறக்கி, எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் பொத்தானை அழுத்தியபோது மேலே ஒரு மாடியிலும் ஆளில்லை, ஐந்தாம் மாடியில் அவளைத் தவிர.

அவள் ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன். நீங்கள் போன் கம்பெனி கொடுத்த தாளைத் திருப்பிக் காட்டினீர்கள். குழுவில் செய்தியைப் பார்க்காதவர்களை அவள் தன் மேசை போனிலிருந்து ஒவ்வொருவராக அழைத்திருக்கிறாள். குழுவிலேயே இல்லாத ஒருவரைக் கடைசியாக, விடாமல், திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறாள்.

அது என் அறையின் எண். நான் அறிவித்துக்கொண்டிருந்ததால் இணைப்பு கிடைக்கவில்லை.